25 பக்க நூல் 200–300 வரிசையில் வருகிறது: பக்க எண்ணிக்கை வாரியாகத் தேடல் முடிவுகளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு மின்னூலகத்தின் தேடல் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கேன் செய்த நூல்கள் ஏறத்தாழ 18,000 இருக்கின்றன. பின்னால் ஓடுவது சோலர் என்ற தேடுபொறி மென்பொருள். தேடல் முடிவுகளுக்கு இடப்பக்கம் ஆசிரியர், பொருள், ஆண்டு என்று ஃபேசெட்டுகள் (முடிவுகளை வகை பிரித்து எண்ணிக்கையோடு காட்டும் பட்டியல்கள்) ஏற்கெனவே உண்டு. அவற்றில் சிக்கல் எதுவும் இல்லை.

போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் மகன் இப்போதுதான் தானாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறானாம். ஒரே உட்காரலில் முடிக்கக்கூடிய சின்ன நூல்களை மட்டும் காட்ட வழி உண்டா என்று கேட்டார். நல்ல கேள்வி. பக்க எண்ணிக்கை எல்லாப் பதிவுகளிலும் இருக்கிறதே, அதை வைத்து வரிசை வரிசையாகப் பிரித்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில், சம இடைவெளிகளில் தானாகப் பிரிக்கும் ஃபேசெட்.ரேஞ்ச் போட்டுப் பார்த்தேன். அந்தப் புலத்தில் ரேஞ்ச் ஃபேசெட் செய்ய முடியாது என்று பிழை வந்தது. சரி, அதை விட்டுவிட்டு வரிசைக்கு ஒரு தேடலாக ஃபேசெட்.குவெரி பதினொன்று எழுதினேன்: 0–100, 100–200, 200–300 என்று 900–1000 வரை, கடைசியாக 1000க்கு மேல். எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் சதுர அடைப்பு, அதாவது இரு எல்லை எண்களும் சேர்த்தி. பிழை எதுவும் வரவில்லை. ஆனால் வந்த எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

0–100 வரிசையில் இருபதுக்கும் குறைவான நூல்கள்தான். எங்களிடம் துண்டு வெளியீடுகளே ஆயிரக்கணக்கில் உண்டு. 200–300 வரிசையைத் திறந்தால் 25 பக்கச் சிறு நூல் ஒன்று முதலிலேயே நிற்கிறது. 1,040 பக்க அகராதி 100–200க்குள் இருக்கிறது. 900–1000 வரிசையில் பூச்சியம். 1000க்கு மேல் என்ற வரிசையில் கிட்டத்தட்ட நூலகம் முழுவதும் இருக்கிறது. சரியாக 200 பக்கம் உள்ள நூல் இரண்டு வரிசையிலும் வருகிறது.

இன்னும் ஒன்று. வாசகர் ஒரு வரிசையை அழுத்தியதும் மற்ற வரிசைகள் எல்லாம் பூச்சியமாகிவிடுகின்றன. வேறு வரிசைக்குப் போக வேண்டுமானால் திரும்பி வந்துதான் போக வேண்டியிருக்கிறது.

எல்லைகளை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நூறு நூறாகப் பிரித்தது கண்மூடித்தனமாகச் செய்தது.

மறுமொழி 1

உங்கள் பக்க எண்ணிக்கைப் புலம் எண் அல்ல, சரம், அதாவது எழுத்துத் தொடர். புலங்களின் வகைகளை வரையறுக்கும் ஸ்கீமாவைத் திறந்து பாருங்கள், வகை ஸ்ட்ரிங் என்று இருக்கும். நீங்கள் சொன்ன அத்தனை அறிகுறிக்கும் இந்த ஒரு காரணம் போதும், கடைசி இரண்டைத் தவிர.

சரங்களை லூசீன் (சோலருக்கு உள்ளே இயங்கும் தேடல் நிரல்) அகராதி வரிசையில்தான் ஒப்பிடும். அகராதியில் "கல்" முதலில் வரும், "கல்வி" அதற்குப் பின்னால் வரும். அதே மாதிரி "100" முதலில், "1040" அதற்குப் பின்னால், "200" அதற்கும் பின்னால். ஆக 1,040 பக்க அகராதி 100–200க்குள் வந்து உட்காருவது அந்த வரிசைப்படி சரிதான். "25"ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் 2, இரண்டாவது 5. "200"இல் இரண்டாவது 0. எனவே "25" என்பது "200"க்குப் பின்னால், "300"க்கு முன்னால்.

0–100இல் என்ன வந்திருக்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன்: பக்க எண்ணிக்கை 1, 10, 100 என்று பதிவான நூல்கள் மட்டும். சரிபார்த்துச் சொல்லுங்கள். 900–1000 வரிசையில் "900" என்பது "1000"ஐ விடப் பெரியது. தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குள் எதுவும் அடங்காது, அதனால் பூச்சியம். "1000"க்கு மேல் என்றால் "1", "10", "100" தவிர மற்ற எல்லாமே மேல்தான்.

ஃபேசெட்.ரேஞ்ச் முதலில் கொடுத்த பிழை இதைத்தான் சொல்லியிருக்கிறது. ஃபேசெட்.குவெரி அப்படித் தடுக்காது. கேட்டதைக் கேட்டபடி தேடி எண்ணிக் கொடுத்துவிடும்.

செய்ய வேண்டியது: புலத்தின் வகையை முழு எண்ணாக மாற்றுங்கள். சோலரின் இயல்பான ஸ்கீமாவில் அதற்குப் பெயர் பின்ட். டாக்வேல்யூஸ் (எண்ணுவதற்கு வசதியாக ஒவ்வொரு பதிவின் மதிப்பையும் தனியே சேமிக்கும் அமைப்பு) ஆன் ஆகியிருக்க வேண்டும், பின்ட் போன்ற பாயின்ட் வகைப் புலங்களில் அது இல்லாமல் ஃபேசெட் நடக்காது. ட்ரை என்ற பழைய எண் வகையை இணையத்துப் பழைய பதிவுகளில் பார்ப்பீர்கள். சோலர் 7இலேயே அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். வகையை மாற்றினால் மட்டும் போதாது. இன்டெக்ஸைக் காலி செய்து, எல்லா நூல்களையும் புதிதாக ஏற்ற வேண்டும். ஏற்கெனவே சரமாக எழுதப்பட்டவை தாமாக எண்ணாக மாறாது.

கேட்டவர்

ஸ்ட்ரிங்தான். 0–100இல் இருந்தவற்றையும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே 10 பக்கமும் 100 பக்கமும்தான், 1 கூட ஒன்று இருந்தது. ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயம், அகராதி உவமையில் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. மிக்க நன்றி.

மாற்றிவிட்டு ஏற்றத் தொடங்கினேன். இப்போது 430 பதிவுகள் ஏறவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலவற்றில் "12+240" என்று முன்பக்கங்களைத் தனியாக எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் "240 ப." என்று இருக்கிறது. சிலவற்றில் முன்பக்கங்கள் ரோமன் எண்ணில். ஒரு பதிவில் பக்க எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணே இருக்கிறது. பட்டியல் எழுதியவர்கள் எல்லாம் பொறுமையாக, நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள். "12+240" என்பது உண்மையில் நல்ல, துல்லியமான பதிவு. அதை நான் அழித்துவிட விரும்பவில்லை.

மறுமொழி 2

அழிக்கவே வேண்டாம். இரண்டு புலங்களாக வையுங்கள். பட்டியலில் எழுதியது எழுதியபடி ஒரு சரப் புலத்தில் இருக்கட்டும், நூலின் பக்கத்தில் அதைக் காட்டுங்கள். வரிசை பிரிப்பதற்கென்று தனியாக ஒரு முழு எண் புலம். ஏற்றும்போதே "12+240"ஐ 252 ஆக்கி அதில் போடுங்கள். ஐஎஸ்பிஎன் மாதிரி புரியாதது வந்தால் எண் புலத்தைக் காலியாக விடுங்கள், அந்தப் பதிவு மட்டும் ஒரு பட்டியலில் வரட்டும், யாராவது திருத்துவார்கள். உங்களுக்கு அந்த 13 இலக்கம் ஏறாமல் நின்றது நல்லதே. பின்ட் 32 பிட் முழு எண், அதில் 2,147,483,647க்கு மேல் இடமில்லை, அதனால் பிடிபட்டது.

இனி வரிசைகளுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு.

ஒரு வரிசைக்குப் பக்கத்தில் 214 என்று எழுதியிருந்தால், அழுத்தியதும் 214 நூல்கள் வர வேண்டும். 213 வந்தாலும் வாசகர் அடுத்த முறை அந்த எண்ணை நம்ப மாட்டார். வரிசைகளைக் கூட்டினால் மொத்தத்துக்குச் சமமாக வர வேண்டும். இது கெடுவதற்கு முக்கியக் காரணம் எல்லைகள்தான். 100–200, 200–300 என்று இரண்டையும் சதுர அடைப்பில் எழுதினால் 200 இரு பக்கமும் சேரும். சோலர் 4 முதல் ஒரே வரம்பில் இரண்டு அடைப்பையும் கலக்கலாம்: தொடக்கத்தில் சதுரம் என்றால் அந்த எண்ணும் சேர்த்தி, முடிவில் சுருள் என்றால் அந்த எண் நீங்கலாக. முழு எண் என்றால் இன்னும் எளிது, 100–199, 200–299 என்றே எழுதிவிடலாம். திரையில் எழுதுவதும் தேடுவதும் அப்போது ஒன்றாகவே இருக்கும். ஒலிப்பதிவின் நீளம், தூரம் மாதிரி பின்னம் வரக்கூடிய அளவுகளில் இது நடக்காது. 199.5 எங்கும் சேராமல் நடுவில் விழுந்துவிடும். அங்கே சுருள் அடைப்புத்தான் வழி.

ஃபேசெட்.ரேஞ்ச் இதைத் தானாகவே கவனித்துக்கொள்கிறது. அதன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு வரிசையும் தன் கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், மேல் எல்லையை விட்டுவிடும். இன்க்ளூட் என்ற அமைப்பில் "ஆல்" கொடுத்தால் பழையபடி இருமுறை எண்ணல் வந்துவிடும், கொடுக்காதீர்கள். ஹார்ட்எண்ட் என்று ஒன்று உண்டு, பலரும் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது இதில்தான். 0இல் தொடங்கி 1000இல் முடிக்கச் சொல்லி, இடைவெளி 300 கொடுத்தால், கடைசி வரிசை 900–1000 என்று நினைப்போம். ஹார்ட்எண்ட் இயல்பாக ஃபால்ஸ். அதனால் அது 900–1200 ஆகும். நீங்கள் திரையில் 900–1000 என்று எழுதிவைத்தால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். முடிவுக்கு அப்பால் எத்தனை, தொடக்கத்துக்கு முன் எத்தனை என்பதை ஃபேசெட்.ரேஞ்ச்.அதர் கொடுக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஃபேசெட்.ரேஞ்ச் சம இடைவெளிக்கானது. உங்கள் நூலகத்துக்குச் சம இடைவெளி சரிப்படாது என்று நினைக்கிறேன். துண்டு வெளியீடுகள் ஆயிரக்கணக்கில், அகராதிகள் ஒரு கைப்பிடி. நூறு நூறாகப் பிரித்தால் முதல் வரிசையில் பாதி நூலகம், 700–800இல் நாலைந்து. சமமற்ற இடைவெளிகளுக்கு ஃபேசெட்.குவெரி பல எழுதலாம், அல்லது சோலர் 4.10இல் வந்த ஃபேசெட்.இன்டர்வல் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உள்ளே இருக்கிறது. ஃபேசெட்.குவெரி ஒவ்வொன்றின் விடையும் ஃபில்டர் கேஷில் (முந்தைய விடைகளை நினைவில் வைத்திருக்கும் இடம்) தங்கும், அடுத்த வாசகருக்கு உடனே கிடைக்கும். இன்டர்வல் டாக்வேல்யூஸைப் படித்து எண்ணும், கேஷை நம்பியிருக்காது. மாறாத ஆறு ஏழு வரிசைகள் என்றால் என் ஓட்டு ஃபேசெட்.குவெரிக்கு. வாசகரே இழுத்து எல்லை வைக்கும் ஸ்லைடர் வேண்டுமென்றால் அங்கே கேஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் 37–112 என்று இழுப்பார், இன்னொருவர் 38–112. இரண்டும் தனித்தனியாகக் கேஷில் இடம் பிடித்து, பயனுள்ளவற்றை வெளியே தள்ளும்.

அழுத்தியதும் மற்றவை பூச்சியமாவதற்கு: வாசகர் தேர்ந்த வரிசையை ஃபில்டர் குவெரியாகத்தானே அனுப்புகிறீர்கள், அதற்கு ஒரு டேக் (அடையாளப் பெயர்) கொடுங்கள். பக்க ஃபேசெட்டுகளில் மட்டும் அந்த டேக்கை எக்ஸ்க்ளூட் செய்யுங்கள் (விலக்கிவிடுங்கள்). அப்போது பக்க வரிசைகள் அந்தத் தேர்வைக் கணக்கில் கொள்ளாமல் எண்ணும். ஆசிரியர், பொருள் ஃபேசெட்டுகளில் எக்ஸ்க்ளூட் போடாதீர்கள். அவை தேர்வுக்குக் கட்டுப்பட்டுத்தான் எண்ண வேண்டும்.

மறுமொழி 3

நான் எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடுபொறியின் பக்கம். அங்கேயும் இதே குழிகள்தான், பெயர்கள் வேறு.

ரேஞ்ச் அக்ரிகேஷனில் (ஃபேசெட் வேலையை அங்கே செய்வது அக்ரிகேஷன்) ஃப்ரம் சேர்த்தி, டூ நீங்கலாக. இது எப்போதும் இப்படித்தான், மாற்றும் வசதி இல்லை, அதனால் குழப்பமும் இல்லை. சம இடைவெளிக்கு ஹிஸ்டோகிராம். எண்ணை இடைவெளியால் வகுத்து, பின்னத்தை வெட்டி, திரும்ப இடைவெளியால் பெருக்கும். 247ஐ 100ஆல் வகுத்தால் 2.47, வெட்டினால் 2, பெருக்கினால் 200. நூல் 200இல் தொடங்கும் வரிசைக்குப் போகும். ஆஃப்செட் கொடுத்தால் தொடக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம், 1–100, 101–200 என்று வேண்டுபவர்களுக்கு அது உதவும்.

உங்கள் ஐஎஸ்பிஎன் கதையைப் படித்ததும் எனக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. எங்களிடம் புலம் லாங் வகை. முழு எண் என்று கண்டதும் தானாக அந்த வகையைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் 13 இலக்கமும் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. ஹிஸ்டோகிராமில் காலியான வரிசைகளையும் நிரப்பிக் கொடுப்பதுதான் இயல்பான அமைப்பு. அந்த ஒரு நூலுக்காக அது முதல் வரிசையிலிருந்து அங்கே வரைக்கும் காலி வரிசைகளை அடுக்கப் போய், 65,536 வரிசை என்ற உச்சவரம்பைத் தாண்டிவிட்டது என்று பிழை வந்தது. ஒரு தவறான பதிவுக்காக எல்லோருடைய தேடலும் நின்றுபோனது. இப்போது குறைந்தபட்ச எண்ணிக்கையை 1 என்று வைத்திருக்கிறேன், வரிசைகளுக்குக் கீழ், மேல் வரம்பு வைக்கும் ஹார்ட்_பவுண்ட்ஸும் கொடுத்திருக்கிறேன்.

எல்லைகளைப் பற்றி: பெர்சென்டைல்ஸ் (இத்தனை சதவீத நூல்கள் இந்த எண்ணுக்குக் கீழே என்று சொல்லும் அளவு) கேட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை வருகிற மாதிரி ஒவ்வொரு தேடலுக்கும் எல்லைகளைப் புதிதாக வகுக்கலாமே? டி-டைஜஸ்ட் என்ற கணக்கீட்டு முறையில் தோராயமாகத்தான் சொல்லும், ஆனால் இதற்கு அது தாராளம்.

மறுமொழி 2

பெர்சென்டைல் கேட்பது நல்லதுதான், சோலரின் ஜேசான் ஃபேசெட்டிலும் அது உண்டு. ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் எல்லையை மாற்றுவதை நான் ஏற்கவில்லை. "வானியல்" என்று தேடினால் முதல் வரிசை 1–57, "இலக்கணம்" என்று தேடினால் 1–83 என்று வந்தால் வாசகர் எதை நினைவில் வைப்பார்? சின்ன நூல் என்றால் இந்த வரிசை என்று கை பழக வேண்டும். மொத்த நூலகத்துக்கும் ஒருமுறை பெர்சென்டைல் எடுங்கள், அதை ஒட்டி மனிதருக்குப் பிடிபடும் எண்களாக எல்லைகளைத் திருத்தி, அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுமொழி 3

ஏற்கிறேன். பயன்படுத்துபவராக யோசித்தால் எனக்கே அது எரிச்சலூட்டும். போஸ்ட்_ஃபில்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை, எலாஸ்டிக்சர்ச்சில் இந்தப் பக்கம் படிப்பவர்களுக்காக. மற்ற வரிசைகள் பூச்சியமாவதைத் தடுக்க எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அது எல்லா அக்ரிகேஷன்களும் எண்ணி முடிந்த பிறகுதான் வடிகட்டும். அதனால் ஆசிரியர் ஃபேசெட்டும் தேர்வைக் கவனிக்காமல் எண்ணிவிடும். மறுமொழி 2இல் சொன்னதுபோல அது தேர்வுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றால், அந்த அக்ரிகேஷனை ஒரு ஃபில்டர் அக்ரிகேஷனுக்குள் வைக்க வேண்டும்.

மறுமொழி 4

மன்டிகோர், ஸ்பிங்க்ஸ் என்ற தேடுபொறிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு: இன்டர்வல் என்ற சார்பு இருக்கிறது. புலத்தையும் எல்லைப் புள்ளிகளையும் கொடுத்தால், முதல் புள்ளிக்குக் கீழே 0, முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையே 1 என்று வரிசை எண்ணைத் திருப்பித் தரும். கீழ் எல்லை சேர்த்தி. அதை வைத்துக் குழுவாக்கினால் போதும்.

கேட்டவர்

எல்லாம் முடிந்தது. என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

எல்லைகளை முடிவு செய்வதற்கு முன் நூல்கள் உண்மையில் எங்கே குவிந்திருக்கின்றன என்று பார்க்க நினைத்தேன். இடைவெளி 1 கொடுத்து, 1 முதல் 600 வரை ஃபேசெட்.ரேஞ்ச் ஓட்டி, வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மெல்ல ஏறி இறங்கும் மலை மாதிரி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சீப்பு. 32இல் ஒரு முள், 48இல் ஒன்று, 64இல் உயரமாக ஒன்று, 80, 96, 112, 128 என்று தொடர்ந்து முட்கள். நடுவில் கிட்டத்தட்ட சமதரை.

அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு தன்னார்வலரிடம் காட்டினேன். பார்த்ததுமே "ஃபாரம்" என்றார். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து மடிக்கிறார்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் நூலும் பெரும்பாலும் 16இன் மடங்கில்தான் முடியும். கடைசி ஃபாரத்தில் இடம் மிஞ்சினால் வெற்றுப் பக்கமோ விளம்பரமோ போட்டுச் சரிக்கட்டுவார்களாம். இதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தேடல் எண்ணிக்கைக்குள்ளே அச்சுக்கூடத்தின் மடிப்பு தெரிகிறது!

இது எல்லைகளுக்கும் நேரடியாக உதவியது. முட்கள் இருக்கும் இடத்தில் எல்லை வைத்தால், அந்த எண் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைப் பொறுத்து நூற்றுக்கணக்கான நூல்கள் இடம் மாறும். ஆகவே முழு ஃபாரங்களோடு முடியும்படி வைத்தேன்: 48 வரை, 49–96, 97–160, 161–256, 257–400, 401உம் அதற்கு மேலும். எல்லாம் முழு எண் என்பதால் இரு பக்கமும் சதுர அடைப்பே போதுமாக இருந்தது. பெர்சென்டைலோடு ஒப்பிட்டேன், முதல் நான்கு வரிசைகளும் பெரிய வித்தியாசமில்லாமல் நிரம்புகின்றன. கடைசி வரிசை சிறியது. அகராதியைத் தேடி வருபவருக்கு அது சிறியதாக இருப்பதே வசதி.

ஏழாவதாக "பக்க எண்ணிக்கை தெரியாதவை" என்று ஒரு வரிசை. புலத்தில் மதிப்பே இல்லாத பதிவுகளைக் கேட்கும் எதிர்மறைக் குவெரி அது. முதலில் சேர்க்கவில்லை. கூட்டிப் பார்த்தபோது மொத்தத்தில் 61 குறைந்தது, அப்போதுதான் உறைத்தது. திருத்தம் வேண்டிக் காத்திருக்கும் பதிவுகள் அவை. வாசகர் கண்ணிலிருந்து அவை மறைந்துபோகக் கூடாது. இப்போது ஒவ்வொரு இரவும் ஏழு வரிசைகளையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடும் சின்ன நிரல் ஒன்று ஓடுகிறது. வித்தியாசம் வந்தால் எனக்கு அஞ்சல் வரும்.

டேக், எக்ஸ்க்ளூட் இரண்டும் சொன்னபடியே வேலை செய்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளைத் தேர்ந்தெடுக்கவும் வழி செய்துவிட்டேன்.

பல தொகுதி நூல்கள் மட்டும் கொஞ்சம் இழுத்தன. ஒரே பதிவில் ஐந்து தொகுதிகளின் பக்க எண்ணிக்கையையும் பல மதிப்புகளாகப் போட்டிருந்தோம். அப்படி இருந்தால் ஒரு பதிவு இரண்டு மூன்று வரிசைகளில் எண்ணப்படும், கூட்டுத்தொகை மீறிவிடும். தொகுதிக்கு ஒரு பதிவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. அதுவரை அந்தப் பதிவுகளில் முதல் தொகுதியின் எண்ணிக்கையை மட்டும் எண் புலத்தில் வைத்திருக்கிறேன்.

முதலில் எழுதிய வாசகருக்கு "48 வரை" வரிசையின் சுட்டியை அனுப்பினேன். மகன் இரண்டு நூல் முடித்துவிட்டானாம், 49–96ஐயும் திறந்து பார்க்கிறானாம்.